குதிரையின் குற்றமா, லாயத்தின் குற்றமா?

புதுச்சேரிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கடற்கரையில் உலாவி, பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச் சென்ற வீதிகளைச் சுற்றிப் பார்த்து, மணக்குள விநாயகரைத் தரிசித்து, ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் சற்று நேரம் மௌனமாக உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அவற்றைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. ஆகையால் நாம் அவற்றை எல்லாம் ஒதுக்கிவிட்டு, அவ்வூர்க் குதிரைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல உத்தேசித்திருக்கிறோம். "புதுச்சேரியில் குதிரையா?" என்று நேயர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே.

வாஸ்தவத்தில் புதுச்சேரி குதிரைக்குப் பேர்போன ஊர் அன்று. மற்ற ஊர்களில் ஜட்கா வண்டிகள் சலங்கை குலுங்க ஓடிக்கொண்டிருந்த காலத்தில், இந்நகரத்துத் துரைமார்களும் தனவந்தர்களும் 'புஷ்-புஷ்' என்னும் வண்டியில் ஏறிச் சென்றார்கள். அதற்குக் குதிரை கிடையாது. பின்னால் நின்று மனிதர்களே தள்ளுவார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் கையில் ஒரு பிடி இருக்கும். அதைத் திருப்பினால் வண்டி திரும்பும். குதிரை செய்யவேண்டிய வேலையை மனிதன் செய்த ஊர் என்று இதைச் சொல்லலாம்.

குதிரை சம்பந்தமான இன்னொரு கதையும் இவ்வூரோடு சேர்ந்ததுதான். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த அரவிந்தர் 1890-ஆம் வருஷம் ஐ. சி. எஸ். எழுத்துப் பரீட்சையில் தேறினார். ஆனால் 1892-இல் நடந்த குதிரையேற்றப் பரீட்சைக்கு அவர் போய்ச் சேரவில்லை. அதன் பலனாக உத்தியோகத்துக்குத் தகுதியற்றவர் என்று தள்ளப்பட்டார். 1910-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 4-ந் தேதி அவர் புதுச்சேரியில் வந்து இறங்கினார். அன்று குதிரை மேல் ஏறியிருந்தால் வெள்ளைக்கார சர்க்காருக்கு ஒரு ஜில்லா கலெக்டர் கிடைத்திருப்பார். ஏறாததால் தேசத்துக்கு ஓர் அரவிந்தர் கிடைத்தார் என்று நாம் சொன்னால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

இன்றைய குதிரைகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் நகரத்துக்கு வடக்கே போகவேண்டும். 1968-இல் ஸ்தாபிக்கப்பட்ட ஆரோவில்லைச் சுற்றிலும் செம்மண் பூமி. எல்லைக் கோட்டின்படி அதில் பெரும்பாகம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. ஆனாலும் ஜனங்கள் 'பாண்டிச்சேரி' என்றே சொல்லுகிறார்கள். முந்திரித் தோப்புகளுக்கும் பனைமரங்களுக்கும் இடையே அங்கே குதிரையேற்றம் கற்பிக்கிறார்கள். 'ரெட் எர்த்' என்னும் பள்ளி பலரும் அறிந்தது. இவை தவிர, தனிப்பட்டவர்கள் நான்கைந்து குதிரைகளை வைத்துக்கொண்டு நடத்தும் சிறு லாயங்களும் உண்டு. முன்பு ஜமீன்தார் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இருந்த இந்த வித்தை, இப்போது குமாஸ்தா வீட்டுக் குழந்தைகளுக்கும் விடுமுறை நாட்களில் கிடைக்கிறது. ஆகவே குதிரையின் சுகதுக்கம் இன்று நம் வீட்டு விஷயமும் ஆகிவிட்டது.

நம்மிடம் பல வருஷங்களுக்கு முன் படித்த மாணவர் ஒருவர் கால்நடை வைத்தியம் பயின்று, இந்தப் பக்கத்தில் தொழில் செய்து வருகிறார். "ஸார், ஒரு லாயத்தில் ஒரு வழக்கு விசாரணைக்கு இருக்கிறது. நீங்களும் வந்தால் நன்றாயிருக்கும்" என்று சென்ற தை மாதம் சொல்லி அனுப்பினார். எந்த லாயம், யாருடையது என்பது நேயர்களுக்கு அவசியமில்லை. வழக்குதான் முக்கியம்.

*

விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் போனால் புதுச்சேரிக்குச் சற்று முன்னதாக வில்லியனூர் வருகிறது. மண்பொம்மைக்குப் பிரசித்தமான ஊர். இவ்வூர்ச் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. இங்குள்ள கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அளித்தார்கள். இந்தப் பிரதேசத்து ஐயனார் கோயில்களில் வரிசையாக நிற்கும் மண்குதிரைகளைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. கழுத்தில் மணி, முதுகில் சேணம், விரிந்த நாசி, முறைத்த கண். மழையிலும் வெயிலிலும் நின்ற இடத்தில் நிற்கின்றன. கொள்ளு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், அலுப்பும் கிடையாது. ராத்திரியில் ஐயனார் ஏறிக்கொண்டு ஊரைச் சுற்றி வருகிறார் என்பது கிராமத்து ஜனங்களின் நம்பிக்கை. மண்ணால் செய்த குதிரைக்குக்கூட இரவில் ஓட்டம் வேண்டும் என்று நம் முன்னோர்களுக்குத் தோன்றியிருக்கிறது! உயிருள்ள குதிரையை மட்டும் பகலும் இரவும் நின்ற இடத்தில் நிற்கச் சொல்லுகிறோம்.

நாம் சென்ற லாயத்தில் ஆறு அறைகள். சுவர் செங்கல், கூரை தகரம், அதன்மேல் சூடு தணியத் தென்னங்கீற்று. ஒவ்வோர் அறைக்கும் முன்புறம் ஓர் அரைக்கதவு. மற்ற மூன்று பக்கங்களிலும் ஜன்னல் இல்லை. தரை சுத்தம், தொட்டி சுத்தம், குதிரைகளின் மேனியும் பளபளவென்று இருந்தது. பார்த்தவுடன், "அடடா, எவ்வளவு ஒழுங்கு!" என்றே நமக்குத் தோன்றிற்று.

இரண்டு நிமிஷம் நின்று பார்த்த பிறகுதான் விஷயம் புலப்பட்டது. முதல் அறையிலிருந்த வெள்ளைப் பெண்குதிரை கதவுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு, இடதுகாலிலிருந்து வலதுகாலுக்கும் வலதுகாலிலிருந்து இடதுகாலுக்கும் மாறி மாறிச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. தறியில் ஓடம் போய் வருவதுபோல் அந்தத் தலை போய் வந்தது, நிற்கவே இல்லை. மூன்றாவது அறையில் ஓர் இளங்குதிரை செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது. அதன் காலடி பட்டுத் தரையில் வட்டமாகப் பள்ளமே விழுந்திருந்தது. கடைசி அறையில் ராஜா என்ற செம்பழுப்புக் குதிரை. பதினாலு வயது. ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடியது. அது கதவின் மேல்விளிம்பை முன்பற்களால் கவ்விக்கொண்டு, கழுத்தை வில்லாக வளைத்து, 'ஹுக்' என்று ஏப்பம் விடுவது போன்ற சப்தத்துடன் காற்றை இழுத்தது. விட்டது. மறுபடியும் கவ்விற்று. மரவிளிம்பு எலி அரித்த மாதிரி தேய்ந்திருந்தது. குதிரையின் மேற்பற்களும் அப்படியே.

"இது குடிகாரக் குதிரை, ஐயா!" என்றார் லாயக்காரப் பெரியவர்.

நாம் திடுக்கிட்டோம்.

"சாராயம் இல்லை, காற்றைக் குடிக்கிறது. நாற்பது வருஷமாகக் குதிரையோடு இருக்கிறேன். இந்தப் பழக்கம் வந்தால் போகாது. வயிறு ஊதிப் போகும். பக்கத்துக் குதிரையும் பார்த்துக் கற்றுக்கொள்ளும். அதனால்தான் முதலாளி பட்டை போட்டிருக்கிறார்."

ராஜாவின் தொண்டையைச் சுற்றித் தோல்பட்டை ஒன்று இறுக்கமாகக் கட்டியிருந்தது. கழுத்தை வளைக்க முயன்றால் உறுத்தும். அப்படி உறுத்தியும் அது காற்றை இழுப்பதை விடவில்லை. பட்டையின் கீழே மட்டும் மயிர் உதிர்ந்து புண்ணாகியிருந்தது.

வழக்கு இதுதான். பட்டையை இன்னும் ஒரு துளை இறுக்குவதா, அல்லது குதிரையை விற்றுவிடுவதா என்று சொந்தக்காரர் யோசித்துக்கொண்டிருந்தார். கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு விடும் ஒருவர் குறைந்த விலைக்குக் கேட்டிருந்தார். அங்கே போனால், முகூர்த்தமில்லாத நாளெல்லாம் ஏதாவது சந்தில் அரையடிக் கயிற்றில் நிற்க வேண்டியதுதான். ஆனால் சவாரி கற்க வரும் குழந்தைகளுக்கு ராஜாவைப் போல் சாதுவான குதிரை அந்த லாயத்தில் வேறில்லை. "தாத்தா, ராஜாவை விற்காதீங்க" என்று ஒரு சிறுமி பெரியவரிடம் வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாளாம்.

*

ஆங்கிலேயர்கள் இந்தப் பழக்கங்களுக்கு வைத்த பெயரைத் தமிழாக்கினால் 'லாயக் குற்றங்கள்' என்று வரும். ஆடுவது, சுற்றுவது, கவ்விக் காற்றிழுப்பது எல்லாம் இதில் சேர்த்தி. நமது வைத்திய நண்பர் மரத்தடியில் உட்கார்ந்து இதன் காரணத்தை விளக்கிச் சொன்னார். அதன் சாராம்சத்தைக் கீழே தருகிறோம்.

குதிரை மந்தையாக வாழும் பிராணி. புல்வெளியில் அதன் இஷ்டப்படி விட்டால் ஒரு நாளில் ஏறக்குறைய 16 மணி நேரம் மெல்ல மெல்ல நடந்துகொண்டே மேயும். அதன் உடம்பு அதற்காகவே அமைந்தது. இவ்வளவு பெரிய பிராணிக்கு இரைப்பை மிகவும் சிறியது. அந்த இரைப்பையில் புளிப்பு நீர் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். உணவு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அதைத் தணிப்பது உமிழ்நீர். குதிரைக்கு மெல்லும்போதுதான் உமிழ்நீர் ஊறும். நாம் என்ன செய்கிறோம்? காலையில் ஒரு கூடை கொள்ளும் தவிடும். மாலையில் ஒரு கூடை. அரைமணி நேரத்தில் தின்று முடிந்துவிடுகிறது. பாக்கி இருபத்துச் சொச்சம் மணி நேரம் வாய்க்கு வேலை இல்லை, காலுக்கு வேலை இல்லை, கண்ணுக்கு ஒரு துணை இல்லை. இந்த நிலையில் குதிரை தனக்குத் தானே ஒரு வேலையைச் சிருஷ்டித்துக்கொள்கிறது. காட்டில் சுயேச்சையாகத் திரியும் குதிரைகளிடம் இந்தப் பழக்கங்களைக் காண்பதில்லை.

இங்கிலாந்தில் 225 குதிரைக்குட்டிகளை நான்கு வருஷம் தொடர்ந்து கவனித்து, 2002-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் நூற்றுக்குப் பத்துக் குட்டிகள் கவ்விக் காற்றிழுக்கும் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டன. அதுவும் ஐந்து மாத வயதை ஒட்டியே. தாயைப் பிரித்ததும் லாயத்தில் அடைக்கப்பட்ட குட்டிகளுக்கு, புல்வெளியில் விடப்பட்டவற்றைக் காட்டிலும், கெட்ட பழக்கங்கள் அதிகம் வந்தன. பால் மறந்தவுடன் தானியத் தீனி கொடுக்கப்பட்டவற்றுக்குக் காற்றிழுக்கும் பழக்கம் நான்கு மடங்கு வேகத்தில் வந்தது. ஆகவே ராஜாவின் 'குற்றம்' அது பந்தயத்தில் ஓடுவதற்கு முன்பே, தாய்மடியை விட்ட நாட்களிலேயே முளைத்திருக்கக்கூடும்.

"அப்படியானால் வயிற்றில் காற்று நிறைவது?" என்று கேட்டோம்.

"அதுவும் முழு உண்மை அல்ல, ஸார். 1995-இலேயே கதிர்ப்படம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். காற்று உணவுக்குழாயின் மேற்பாகம் வரை போய்த் திரும்பிவிடுகிறது. வயிற்றுக்குள் போவது சொற்பம். ஆனால் இந்தப் பழக்கமுள்ள குதிரைகளுக்குச் சில வகை வயிற்றுவலி அதிகம் வருகிறது என்பது மெய். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது; அதனால் வயிற்றுவலி அதற்குச் சாமானிய நோயல்ல. ஒன்றைப் பார்த்து மற்றொன்று கற்கிறது என்பதற்கும் உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஒரே லாயத்தில் நாலு குதிரைக்குப் பழக்கம் இருந்தால், நாலும் ஒரே மாதிரி வாழ்கின்றன என்றுதான் அர்த்தம்."

பட்டையால் பயன் உண்டா? பட்டை இருக்கும்வரை பழக்கம் சற்று அடங்கும்; தவிப்பு அடங்காது. கழற்றிய பின் முன்னிலும் அதிகமாகச் செய்யும் குதிரைகள் உண்டு. 1926-இல் ஸ்வீடன் தேசத்து வைத்தியர் ஃபோர்செல் என்பவர் கழுத்துச் சதைகளை அறுத்து எடுக்கும் சிகிச்சையையே வெளியிட்டார். பல்லில் நோயில்லை, கழுத்தில் நோயில்லை. இருந்தும் கத்தி கழுத்துக்குத்தான் வந்தது!

*

இதைக் கேட்டபோது நம் தேசத்துப் பழைய கதைகள் ஞாபகத்துக்கு வந்தன. தமிழ்நாடு குதிரை விளையும் பூமி அல்ல. பட்டினப்பாலை காலத்திலிருந்தே கடல் வழியாகக் குதிரை வந்து இறங்கியிருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர்கள் வருஷந்தோறும் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகளை வாங்கியதையும், வருஷம் முடிவதற்குள் நூறுகூட மிஞ்சாததையும் எழுதி வைத்தார். குதிரைக்குச் சோற்றையும் மாமிசத்தையும் சமைத்துப் போட்டார்களாம். அதே காலத்துப் பாரசீக சரித்திர ஆசிரியர் வஸ்ஸாப் இன்னும் விவரமாகச் சொல்லுகிறார்: வறுத்த தானியமும் நெய்யும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்து, கொழுக்கவேண்டும் என்று நாற்பது நாள் முளையடித்து லாயத்தில் கட்டி வைத்தார்களாம். பாலும் நெய்யும் ஊட்டியதில் அன்புக்குக் குறைவில்லை. குதிரைக்கு வேண்டியது புல்லும் நடையும் என்பதுதான் தெரியவில்லை. வந்தவர்கள் தங்கள் சரக்கின் பெருமைக்காகச் சற்று மிகைப்படுத்தியும் இருக்கலாம். ஆனால் அந்த நாற்பது நாள் கட்டை நாம் இன்னும் முழுவதும் அவிழ்த்துவிடவில்லை.

பாண்டியன் லாயம் என்றதும் மாணிக்கவாசகர் கதையும் வருகிறது. நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்து, இரவில் மறுபடி நரிகளாகி லாயத்துக் குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடின அல்லவா? பகலில் சாதுவாயிருந்த குதிரை லாயத்தில் அடைத்ததும் வேறு பிராணியாகிவிடுவது திருவிளையாடலில் மட்டும் நடப்பதில்லை. விராடன் லாயத்தில் குதிரைகளைப் பேணிய நகுலன் பெயரால் ஓர் அசுவ சாஸ்திரமும் உண்டு. அதைத் தஞ்சை சரஸ்வதி மஹால் நூல்நிலையத்தார் 1952-இல் அச்சிட்டார்கள். அரசகுமாரன் ஒருவனைக் குதிரைக்காரனாக வைத்துப் போற்றிய தேசத்துக்கு, குதிரையைப் புரிந்துகொள்வது எட்டாத விஷயம் அல்ல.

*

வைத்தியர் கொடுத்த தீர்ப்பு சுருக்கமானது: "குதிரைக்குச் சிகிச்சை இல்லை, லாயத்துக்குத்தான் சிகிச்சை. மூன்று மாதம் தவணை கொடுங்கள்." சொந்தக்காரர் முதலில் தயங்கினார். புல் விலை என்ன, வேலி போட என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு நியாயமானதுதான். இந்த வெயில் பூமியில் பச்சைப்புல் சும்மா கிடைப்பதில்லை. கடைசியில் சம்மதித்தார்.

அறைகளின் பக்கச் சுவரில் ஜன்னல் திறந்தார்கள்; அடுத்த குதிரையின் முகம் தெரியும்படி. இப்படிப் பார்வைக்கு வழி செய்தால் ஆடும் பழக்கம் குறைகிறது என்று 2000-ஆம் வருஷத்து ஆராய்ச்சி ஒன்று காட்டியது. துணை கிடைக்காத குதிரைக்கு அறையில் கண்ணாடி மாட்டியும் 2002-இல் பலன் கண்டிருக்கிறார்கள். கொள்ளின் அளவைக் குறைத்து, அதையும் நாலு வேளையாகப் பிரித்தார்கள். சிறு கண்ணுள்ள கயிற்று வலையில் உலர்ந்த புல்லையும், இந்தப் பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கும் கடலைக்கொடியையும் கட்டித் தொங்கவிட்டார்கள். ஒவ்வொரு வாயாக இழுத்துத் தின்ன நேரம் பிடிக்கும். முந்திரித் தோப்பை ஒட்டிய நிலத்துக்கு வேலி போட்டு, வெயில் ஏறுவதற்கு முன்னும் சாய்ந்த பின்னும் குதிரைகளைச் சேர்த்து அவிழ்த்துவிட்டார்கள். ராஜாவின் பட்டை கழன்றது. கதவு விளிம்பில் பல் தேயாதபடி ரப்பர் அடித்தார்கள். "கவ்வட்டும், தடுக்க வேண்டாம்" என்று வைத்தியர் உத்தரவு.

சித்திரையில் நாம் மறுபடியும் போனோம். வெள்ளைக் குதிரை ஆடுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. தீனி வாளியின் சப்தம் கேட்கும்போது மட்டும் நாலு ஆட்டம் ஆடுகிறது. இளங்குதிரை சுற்றிய பள்ளத்தை மண் போட்டு மூடியிருந்தார்கள், மறுபடி விழவில்லை. ராஜா? கொள்ளு தின்று முடித்ததும் கதவுக்குப் போய், பழையபடி கவ்வி, பழையபடி 'ஹுக்' என்றது. மாலையிலும் அப்படியே. ஆனால் கழுத்துப் புண் ஆறிவிட்டது. விலாவில் சதை பிடித்திருந்தது. மேய்ச்சலில் இருந்த இரண்டு மணி நேரத்தில் அது வேலிக்கட்டையை நாடிப் போனதை நாம் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"முழுவதும் போகாதா, தம்பி?" என்றோம்.

"போகாது, ஸார். சிறுவயதில் பதிந்துவிட்டது. இனி அதைக் கூட வைத்துக்கொண்டு வாழத்தான் வேண்டும். அதுவும் நம்மைக் கூட வைத்துக்கொண்டு வாழ்கிறது அல்லவா?"

லாயக்காரப் பெரியவர் சிரித்தார். "குடிகாரன் என்று இப்போது சொல்லுவதில்லை, ஐயா. கிழவன் வெற்றிலை போடுகிறான் என்று சொல்லிவிடுகிறேன்." சாரட்டுக்காரரிடம் வாங்கிய முன்பணத்தைச் சொந்தக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

நாம் பள்ளிக்கூடத்து வாத்தியார். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் பெஞ்சியில் காலை ஆட்டுகிற பையனையும், பென்சிலின் முனையைக் கடிக்கிற பெண்ணையும் இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பையனின் முதுகில் தட்டுவதற்கு முன், காலையிலிருந்து அவன் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம்.

விடுமுறையில் குழந்தைகளைக் குதிரையேற அழைத்துச் செல்லும் பெற்றோர்கள் லாயத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். குதிரையின் பளபளப்பு போதாது. அது ஒரு நாளில் எத்தனை மணி நேரம் மேய்கிறது, இன்னொரு குதிரையின் முகம் அதற்குத் தெரிகிறதா, கழுத்தில் பட்டை எதற்கு என்று கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால் ஜன்னல்களும் பெருகும். அதுவரையில், கதவைக் கவ்விக் காற்றிழுக்கும் குதிரை ஒன்றைக் கண்டால் அதன் நெற்றியைத் தடவிக் கொடுத்துவிட்டு வாருங்கள், அது கடிக்காது.